மாதிரி 14

தேவகோட்டைக்குக் கடல் இல்லை.
ஆனாலும் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில்
அமில ஜாடிகளுக்குக் கீழ்த்தட்டில்
அரை லிட்டர் அரை லிட்டராக
இருபத்திரண்டு குப்பிகளில்
ஒரு கடற்கரை நிற்கிறது.

எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான்.
தொண்டிப் பக்கம் போய் நாங்கள் மொண்டு வந்தது.
இளநிலை மூன்றாம் ஆண்டு, ஆய்வுத் திட்டம்,
பயணப்படி ஆயிரத்து இருநூறு, இருவருக்கும் சேர்த்து.
திரும்பும்போது திருவாடானையில் நடத்துநர்
பையைக் காலால் தள்ளிப் பார்த்தார்:
"தண்ணிக்கும் லக்கேஜ் உண்டு தாயி."
ரசீதை உமையாள் பத்திரப்படுத்தினாள்,
கணக்கில் காட்ட வேண்டுமாம்.

உமையாள் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள்.
கடல் கொண்டுபோய்விடும் என்று பயந்துதான்
முன்னோர் இவ்வளவு தூரம் உள்ளே வந்து
ஆளுயர மேடை போட்டு வீடு கட்டினார்களாம்.
அவளே சிரித்துக்கொள்வாள்:
"அலையாத்தான் வரும்னு நெனச்சுட்டாங்க.
மண்ணுக்கடியில வரும்னு யாருக்குத் தெரியும்?"

கேள்வி ஒன்பது:
குடிநீருக்கு மாதச் செலவு எவ்வளவு?
வலையிலிருந்து நண்டின் காலைப் பிரித்துக்கொண்டே
ஜெசிந்தா சொன்னார்:
"கொடத்துக்குப் பன்னெண்டு. நாளைக்கு நாலு கொடம்.
படிச்ச புள்ள, நீயே பெருக்கிக்க."
பெருக்கினேன்.
எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.
எங்கள் விடுதிக் கட்டணத்தில் ஏறக்குறைய பாதி.

"என் கெணத்துக்கு என்ன நம்பரு?"
பதினான்கு என்றேன்.
"அது உங்களுக்கு.
எவ்வளவு உப்புன்னு ஒரு தாள்ல எழுதிக் குடு,
திங்கக்கெழமை மனு நாளு."

திருவேங்கடம் சார் மறுத்தார்.
வெளிவராத தரவை வெளியே தரக் கூடாது,
முதலில் கருத்தரங்கு, பிறகு கட்டுரை,
பிறகு பார்க்கலாம்.
அவர் சொன்னது தப்பென்று சொல்ல முடியாது.
எங்கள் மீட்டர் மழைக்காலத்தில் கொஞ்சம் உளறும்.
விடுதிக் குழாய்த் தண்ணீருக்கு
மூன்று தடவையும் 310 காட்டிய அதே மீட்டர்
பதினான்குக்குக் காட்டியது
4180, 4210, 3960.
எது ஜெசிந்தாவின் உப்பு?

இரவு படிவங்களை அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது.
ஒப்புதல் படிவம், இரண்டாம் பக்கம், கடைசி வரி:
"முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படும்."
போன வருடத்துப் பிள்ளைகளின் படிவத்திலிருந்து
வாசிக்காமலே நான் நகலெடுத்த வரி.
அதற்குக் கீழே அவர் கையெழுத்து,
நண்டு ஈரம் பட்டுக் கரைந்த நீல மை.

மறுநாள் சாரிடம் நீட்டினேன்.
வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார்.
மின்விசிறி சத்தம் மட்டும்.
"மூணு அளவையும் போடு.
சராசரி மட்டும் போட்டு அனுப்பாதே.
மீட்டர் பேரு, தேதி, யார் அளந்தது, எல்லாம்."
அப்புறம் இழுப்பறையைத் திறந்து
துறை முத்திரையைத் தேடினார்.
மை காய்ந்திருந்தது. எச்சில் தொட்டு அடித்தார்.

காரைக்குடிக் கருத்தரங்கில்
எங்கள் சுவரொட்டி முன் நடுவர் குனிந்தார்.
"இந்தப் பதினாலு தனியா நிக்குதே.
எடுத்துட்டா கோடு நேரா வரும்."
உமையாள் என்னைப் பார்த்தாள்.
நான் சுவரொட்டியின் மூலையில்
பெயர்ந்துவந்த டேப்பை அழுத்திக்கொண்டிருந்தேன்.
"அங்க ஒரு குடும்பம் இருக்குங்க சார்,"
என்றுதான் வாயில் வந்தது.
அது புள்ளியியல் விடை இல்லை.
ஆறுதல் பரிசுகூட வேறு யாருக்கோ.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
பின்னால் காற்று, நாய், படகு இன்ஜின்.
"தாளை வாங்கிக்கிட்டாங்க.
அவங்களும் ஒரு நம்பரு குடுத்தாங்க,
குறிச்சுக்கறியா?"
எட்டு இலக்கம், நடுவில் ஒரு சாய்கோடு.

குறிப்பேட்டைத் திறந்து
பதினான்குக்கு எதிரே
இன்னொரு கட்டம் போட்டு எழுதினேன்.
மேலே தலைப்புக்கு இடம் விட்டிருக்கிறேன்.
என்ன அலகு என்று தெரியவில்லை.